பின் சீட்டில் உட்கார்ந்த பாவு

புதன்கிழமை, ஐப்பசி மழை விட்ட இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில் போனுக்கு அபராதச் சீட்டு, போட்டோவோடு வந்தது. வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லையாம். நேற்று என் பின்னால் ஒருவரும் உட்காரவில்லை. தறிக்குப் போட வேண்டிய பட்டு நூல் பாவுதான் இருந்தது. குறுக்கே வைத்தால் இடிபடும் என்று, சுருட்டி வெள்ளை வேட்டியில் சுற்றி, என் முதுகோடு நிமிர்த்திக் கட்டி ஐயம்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் கொண்டுவருவோம்.

என் மனைவி செல்வி போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். "பத்து வருஷமா நான் ஹெல்மெட் இல்லாம உக்காந்துக்கினு வரேன், ஒருத்தனும் புடிக்கல. பாவு மூட்டய புடிச்சிருக்கானுங்க!" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். "மேடம், அது ஆளு இல்ல, பாவு! மாசத்துக்கு ஒரு ரூல் போடறீங்க, எங்களுக்கு யாரு வந்து சொல்றது? பாவுக்கும் ஹெல்மெட் வாங்கணுமா?" என்று கத்தியேவிட்டேன். எஸ்.ஐ. அம்மா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு. "சரிப்பா, தப்புதான். கேன்சல் பண்ண சொல்றேன்" என்றவர், போட்டோவில் விரலை என் முகத்துக்கு நகர்த்தினார்.

"இது இன்னாபா? ஹெல்மெட் வாரு தாடைக்குக் கீழ தொங்கிக்கினு இருக்குது. வாரு மாட்டலன்னா ஹெல்மெட்டே போடாத மாதிரிதான். அதுவும் ரூல்தான்."

அபராதம் போகவில்லை. பாவின் தலையிலிருந்து என் தலைக்கு மாறிவிட்டது.

பாவு ஆடக் கூடாதென்று நேற்று ஐந்து முடிச்சுப் போட்டவன் நான்.