பல்லு பிரிஞ்சிருக்குதாம்மா?

அப்பா,

விடுதி வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று காலையிலிருந்து பழுதாகி நிற்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற லோடு. பச்சைக் கரும்பின் வாசனை என் மேசை வரை வருகிறது. கூடப் படிக்கிற பெண்கள் ஆளுக்கொரு கழி உருவிவந்து கடிக்கிறார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாயைத் திறந்தேன், காதுக்கு முன்னால் 'டக்' என்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வில் தவறி, மறுபடி எழுத வீட்டிலிருந்து படித்தபோது ஆரம்பித்த வலி. நீ பல்வலி என்றாய், அம்மா காதுவலி என்றாள். சங்கராபுரத்தில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் ஆயிற்று. நல்ல பல் போனதுதான் மிச்சம். வலி தாளாமல் உன் துண்டைத் தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படித்தேன். கரும்பு வெட்டிவிட்டு வந்த நீ, என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"செத்தவங்களுக்குக் கட்றாப்ல கட்டிக்கினு இன்னாடி இது? அவுத்துப் போடு மொதல்ல."

அது கோபமில்லை, பயம். மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனாய். அந்த டாக்டரம்மா பல்லைப் பார்த்ததைவிட என்னைக் கேட்டதுதான் அதிகம். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா. கோளாறு தாடை மூட்டில் என்றார். மனக்கவலையில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேனாம். கவலை வலியைக் கூட்டுமாம், வலி கவலையைக் கூட்டுமாம். வாய் மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது என்றார். மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். சரி என்றேன், ஆனால் போகவில்லை.

நீ பிடித்துக்கொண்டது பல் சங்கதியைத்தான். பயிற்சி மையத்து விடுதியில் என்னைச் சேர்த்த பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்வாய். எவ்வளவு படித்தேன், என்ன மதிப்பெண் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பல்லு பிரிஞ்சிருக்குதாம்மா?" அவ்வளவுதான். நானும் பல்லைக் கடித்தபடியே 'ம்' என்பேன். ஒருநாள் முடியவில்லை. இல்லப்பா என்று அழுதுவிட்டேன். நீ போனை வைக்கவில்லை. நான் அழுது முடிக்கிறவரை, காய்ந்த கரும்புச் சோகை உன் காலடியில் மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எழுதணும்னா எழுது. வாணாம்னா வூட்டுக்கு வந்துடு. ஒரு பரீட்சைக்காவ நீ வாயக் கட்டிக்கினு கெடக்க வாணாம்."

அதற்கப்புறம்தான் ஆலோசகரிடம் போனேன். எழுதுவது என்று நானே முடிவு செய்தேன்.

மாசியில் கரும்புக் கொல்லையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நான் விடுதியிலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னை வீட்டில் கிடத்தி, வாய்க்கட்டுக்குத் துண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதே துண்டுதான் கொடியில் கிடந்தது. நானே கட்டினேன். முடிச்சு தளர்வாகத்தான் விழுந்தது. இறுக்கிக் கட்டும்மா என்றார் சித்தப்பா. என்னால் முடியவில்லை, அவரே இறுக்கினார். உனக்கு வலிக்குமே என்றுதான் அப்போது தோன்றியது.

களைப்பாக இருக்கிறது அப்பா. தேர்வு நெருங்குகிறது. வலி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. போன் அடிக்காது என்று தெரிந்தும் சாயங்காலமானால் புத்தகத்தை மூடிவிட்டு உட்காருகிறேன். நீ கேட்பதை நானே கேட்டுக்கொள்கிறேன்.

இன்று சேர்ந்துதான் இருந்தது. மெதுவாகப் பிரித்துவிட்டேன்.