அண்ணையின் கறுப்பு வெள்ளைப் படம்

ஜனவரி 6, செவ்வாய்

பனி. கிணற்றடியில் நின்றால் வேலி தெரியவில்லை. மகன் விட்டுப்போன கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"விடிய வெள்ளண, உந்தக் குளிருக்கை எங்கையப்பா?" போர்வைக்குள் இருந்து இவர்.

"நடக்க."

கந்தோர் வேலையில் பென்சன் எடுத்ததிலிருந்து கால் வீட்டில் நிற்பதில்லை.

எடுத்தவை: முட்டைக்கோவாத் தோட்டம் (இரண்டு, இரண்டும் ஆட்டம்). மதகில் காகம். பால்காரரின் சைக்கிள். எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தை எடுத்துவிட்டால் வேலியில் தொங்கும் சொப்பிங் பைகள்கூட அடங்கிப்போகின்றன. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ரஞ்சியக்கா, என்னத்தைப் பிடிக்கிறியள்? வெறும் புகையெல்லோ!"

புத்தூர்ச் சந்திக்கென்றுதான் கிளம்பினேன். கால் அண்ணையின் வெங்காயத் தோட்டப் பக்கம் போனது. ஒழுங்கை முகப்பிலேயே திரும்பிவிட்டேன். கடுப்பு. அவர் மேலா, என் கால் மேலா, தெரியாது.

ஜனவரி 7, புதன்

குளிர் இன்னும் கூட. முழங்கால் நோ. திரும்பவும் அதே ஒழுங்கை.

இன்றைக்குத் திரும்பவில்லை. அண்ணை தலையில் துவாய் சுற்றி, வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். பனிக்குள் முகம் மட்டும். ஒரேயொரு படம். நிமிர்ந்தார். கண்டாரோ தெரியாது. கள்ளி மாதிரி ஓடி வந்தேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம். மெலிந்துவிட்டார். சுகமில்லையோ? யாரிடம் கேட்பது? ஆவணியில் மகள் தர்சினியின் கல்யாணத்துக்கு ஊர் முழுக்கப் படியேறிச் சொன்னவர், கூடப்பிறந்த எனக்கு வட்ஸ்அப்பில் கார்ட் அனுப்பினார். எங்கள் வீட்டுப் படி மட்டும் உயரமாக்கும். நான் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. பிள்ளையும் கனடாவுக்குப் போய்விட்டாள்.

சோறு குழைந்துவிட்டது.

"படத்தைப் பாத்துக்கொண்டிராமல் போய்க் கதையன்" என்றார் இவர்.

"அவர் வந்து சொல்லட்டும்."

"கல்யாணமே முடிஞ்சுது. இனி என்னத்தைச் சொல்லுறது?"

படுத்தேன், எழும்பினேன், படுத்தேன்.

ஜனவரி 8, வியாழன்

விடிய அந்தப் படத்தைப் போனில் ஏற்றி வட்ஸ்அப் ஸ்ரேட்டஸில் போட்டேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் கீழே "என் அண்ணை" என்று மட்டும். போனைச் சார்ஜில் விட்டுவிட்டுச் சுன்னாகம் சந்தைக்கு. கத்தரி, முருங்கை, பொங்கலுக்குப் பயறு.

திரும்பி வந்தால் போன் நிறைய. "ஆழ்ந்த அனுதாபங்கள்." "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்." தர்சினியின் குரல் பதிவு: "மாமி, அப்பாவுக்கு என்ன நடந்தது? வீட்டிலை ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை." பிறகு அழுகை மட்டும்.

பையை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பில்லை. சொல்லவில்லை, கூப்பிடவில்லை என்ற யோசனை ஒன்றும் வரவில்லை. செத்த வீட்டுக்கு யார் சொல்லிப் போகிறார்கள்? ஒழுங்கை நீளத்துக்கும் "ஐயோ, என்ரை அண்ணை" என்று குளறியழுதுகொண்டு போனேன்.

கேற்றடியில் சனம். அண்ணி ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் கதிரையில், சேற்றுக் காலோடு அண்ணை.

"ஆர் உந்தப் படத்தைப் போட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. கறுப்பு வெள்ளை முகம், கீழே உறவு. இங்கே அப்படி ஒரு படம் போட்டால் என்னவென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பனியென்று திரிந்த எனக்குத்தான் தெரியவில்லை.

"செத்தால்தான் வருவாய், என்ன?" என்றார் அண்ணை.

அண்ணி நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல் வந்துவிட்டேன். வெட்கம். ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் பாதி வழியில்தான் வந்தது. மதகில் குந்தியிருந்து அழுதேன்.

படத்தை அழித்தாயிற்று. தர்சினிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ். பதில் வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

பனி குறைவு. நடக்கப் போகவில்லை. வீட்டைக் கூட்டினேன், திரும்பவும் கூட்டினேன்.

வாசலில் சைக்கிள் மணி. அண்ணை. வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவரின் உடுப்பு. படியேறினார். இவர் கதிரையை இழுத்துப் போட்டார். அதில் இருக்காமல் நின்றார்.

"என்ரை செத்தவீட்டுக்குச் சொல்ல வந்தனான்" என்றார். "நேரை வந்து சொல்லிப்போட்டன். பிறகு வட்ஸ்அப்பிலைதான் வந்தது எண்டு வராமல் நிண்டுடாதை."

இவர் சிரித்துவிட்டார். நான் கதிரையை அண்ணைக்குக் கிட்டத் தள்ளினேன்.

"அதுக்கு நான் வரமாட்டன். பொங்கலுக்கு வாறன். நீங்கள் சொல்லாட்டிலும் வாறன்."

அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தார்.