சித்தப்பாவின் பல்லும் சித்தப்பாவின் சாமியும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்து மறுபடி கடைக்குப் போகிறார். போனில் உன்னிடம் மறைத்தது சித்தியின் விஷயம்தான், பதறுவாய் என்று சொல்லவில்லை, இப்போது தேறிவிட்டாள், நிதானமாகப் படி.

சித்திக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்ட கையோடு விலாவைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டுவிடுவாள். டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். உன் சித்தப்பா, சாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். கேட்டார், சாமி பொறுக்கச் சொல்லிவிட்டதாம். உனக்குத்தான் தெரியுமே, கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து, லீவு கேட்டு வருகிறவனை வாசலிலேயே நிற்கவைத்து, அப்புறம் பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டிய மனுஷன். அவருடைய சாமியும் அச்சு அசல் அப்படியே, யார் கேட்டாலும் கொடுக்காது, யார் தப்பு செய்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும், இவருக்கு ஆகாதவர்கள் அதற்கும் ஆகாதவர்கள். கண்ணாடியைக் கும்பிடுகிறவருக்கு வேறு முகம் எங்கே தெரியப்போகிறது! நான் போய்ச் சண்டை போட்டேன், "உங்களுக்கு நம்பிக்கை பத்தாது அண்ணி" என்று சிரிக்கிறார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன், உன் சித்தி என் காதோடு, "நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன்க்கா, அதான் சாமி ஒத்துக்க மாட்டேங்குது" என்றாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வலியில் துடிக்கிறவளைக் குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டாரே பாவி.

இந்த லட்சணத்தில் அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. கன்னம் கொஞ்சம் வீங்கியதுதான் தாமதம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடியிருக்கிறார், பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி திரும்பியிருக்கிறார். சித்தி அவரையே பார்த்துவிட்டு, "உங்க பல்லுக்கு மட்டும் சாமி லீவா?" என்று கேட்டாளாம். அவர் பஞ்சை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டாராம். அவள் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து அவள் படுத்திருந்தபோது அந்த மனுஷன் வார்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மனைவியைக் காப்பாற்றத்தான் சாமி என் பல்லை வலிக்கவைத்தது என்றார். வெட்கம் என்பது கடைவாய்ப்பல்லோடு போய்விட்டது போலிருக்கிறது. உனக்கும் போன் செய்வார், சரி சித்தப்பா என்று சொல்லி வைத்துவிடு, வாதாடாதே. சித்திக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசு, நம் வீட்டில்தான் இருக்கிறாள், எப்போது திரும்பிப் போவாள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று அவளுக்குத் தலை வாரிவிடும்போது, ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது என்னடி வேண்டிக்கொண்டாய் என்றேன். "அவர மாதிரி இல்லாத சாமி யாராச்சும் இருந்தா வாங்கன்னு கூப்பிட்டேன்க்கா" என்றாள். வந்ததா என்றேன். "தெரியலக்கா, அதுக்குள்ள மயக்க ஊசி போட்டுட்டாங்க. ஆனா பயமே இல்ல" என்றாள்.

நீ நீண்ட ஆயுளோடும், உன்னை மதிக்கிற மனிதர்களோடும் வாழ வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் இருமுகிறாயே, அதற்கு டாக்டரைப் பார், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா