ஒற்றைக் கட்டில் போட்ட வீடு

ஸ்ரீபெரும்புதூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள இசக்கிசெல்விக்கு,

உன் கூட்டாளி தங்கமாரி எழுதுவது. நானும் ஹாஸ்டல் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் அருள்பாண்டி அண்ணனும் அந்த ஹங்கேரிக் குளிரில் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், ஒன்றும் முடிவாகவில்லை. "ஊருக்கே திரும்பி வந்துரட்டுமா மாரி?" என்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற ஜீவானந்தம் ஒரு பார்சல் கொண்டுபோய்த் தருகிறேன் என்றார். அதற்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும், நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறேன். தூக்கத்தில் உன் வீட்டுக்குள் நடக்கிறேன், கேட்டியா. செருப்பைக் கழற்றினால் மரத்தரை வெதுவெதுவென்று இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பஞ்சு பறக்கிற மாதிரி பனி. சத்தமே இல்லை. நான் பாட்டுக்குச் சாமான் வாங்கிப் போடுகிறேன். ஹீட்டர் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அடுப்பங்கரையில் மஞ்சள் லைட். ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி, இங்கே ஒரு கைக்கண்ணாடிக்கு அத்தனை பேரும் அடித்துக்கொண்டோமே, அதற்குப் பழி தீர்க்க. கடைசியில் படுக்கை அறைக் கதவைத் திறந்தால் நம் ஹாஸ்டல் கட்டில் கிடக்கிறது. பொசுக்கென்று முழிப்பு வந்துவிடுகிறது.

ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா? புது வீட்டுக்கு ஒரு ஆள் படுக்கிற கட்டிலையா வாங்குவார்கள்? கேட்டால், அவருக்கு நைட், எனக்குப் பகல், அவர் எழுந்ததும் நான் படுப்பேன், பெரிசு எதற்கு என்கிறாய். அந்த மனுசனும் தலையாட்டியிருக்கிறார். ஒரகடத்தில் ரூம் எடுத்து, ஷிப்டுக்கு ஒருத்தராகப் பாயைப் பங்கு போட்டவர்தானே அவரும். படத்தை வார்டன் சொர்ணம்மாளிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னாமே, வூடு பண்ணச் சொன்னா உன் தோழி ஹாஸ்டல் பண்ணிக்கினு கீறா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நமக்கும் ஒரே கட்டில்தான். நீ படுத்திருந்த நேரமெல்லாம் நான் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளுக்கொரு பக்கம் ஓ.டி. தலையணையில் உன் எண்ணெய் வாசம்தான் எனக்குத் தெரியும், நீ தூங்குகிற முகம் தெரியாது. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடி, கம்பெனி பஸ் வராமல் போனதே, அன்றைக்கு மட்டும்தான் இரண்டு பேரும் சேர்ந்து படுத்தோம். உன் முழங்கை என் விலாவில் குத்தியது. நீ மேலே பார்த்துக்கொண்டு, கல்யாணம் முடிந்து போகப்போகிற வீட்டைச் சொல்லிக்கொண்டே இருந்தாய், திரைச்சீலை என்ன நிறம், தலைமாடு எந்தப் பக்கம் என்று. மழை பெய்தது, நான் ம் கொட்டினேன். அந்த ஒரு நாள்தான் செல்வி, அந்த ரூம் எனக்கு வீடு மாதிரி இருந்தது.

அவரோடு சண்டையே இல்லை என்கிறாய். சண்டை போடுவதற்காவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டாமா? வாசலில் ஒருத்தர் ஷூ மாட்ட, ஒருத்தர் கழற்ற, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் பிரிவதற்குப் பெயர் குடித்தனமா? அண்ணனை அவர் சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்கச் சொல். அண்ணன் வாய் திறக்க மாட்டார், எனக்குத் தெரியும். அப்படியென்றால் உன் பாக்கிங் வேலையில் நீ கேள். அந்தக் கட்டிலைத் தள்ளிவிட்டு அகலமாக ஒன்று வாங்கு. பார்சலில் என் மஞ்சள் சுங்குடிச் சேலையை இரண்டாக வெட்டி ஓரம் தைத்து வைத்திருக்கிறேன். படுக்கை அறை ஜன்னலுக்கு மாட்டு. அங்கே வெயில் குறைச்சல் என்றாயே, வருகிற கொஞ்சமும் மஞ்சளாக விழட்டும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு, இங்கே இடமில்லை என்று பொய் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. இடம் இருக்கிறது. வேறு ஆள் போட வேண்டாம் என்று சொர்ணம்மாளிடம் நான்தான் கெஞ்சி வைத்திருக்கிறேன். சாயங்காலமானால், "எந்தி பிள்ளே, என் முறை" என்று நீ வந்து உலுக்குவாய் என்று இன்னமும் கண்ணை மூடிக் காத்துக் கிடக்கிறேன். நீ வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

இருந்தாலும் வராதே, செல்வி. முதலில் நீயும் அவரும் சேர்ந்து தூங்கி, சேர்ந்து எழுந்து கொஞ்ச நாள் இருந்து பாருங்கள். அதற்கப்புறமும் வரத் தோன்றினால் வா. ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

இரண்டு பேரும் நல்லா இருங்க. நல்லாத் தூங்கு பிள்ளே.

உன்,
தங்கமாரி.