பாண் வரிசையில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு

முதலில் ஒரு திருத்தம். சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கையோடு ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இத்தனை வருடம் தனியாக வாழ்ந்தும் இந்த அம்மாவைப் பற்றி ஒரு சொல் ஒருவரும் கதைத்தது கிடையாது" என்றார். சபை கைதட்டியது. எழுந்து "பிழை" என்று சொல்ல வாயெடுத்தேன். கைதட்டல் ஓயவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கை, அந்தக் குறுந்தெரு முழுவதும், ஒரு காலத்தில் என்னைப் பற்றி மட்டுமே கதைத்தது. தோழி, உமக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கதையைப் புகழாக மாற்றித் தந்தவரே நீர்தான்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை வைக்க அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் விரித்திருந்த தாள் கிழிந்து கிடந்தது. இழுத்துப் பார்த்தால் உம்முடைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றின் நடுப்பக்கம். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நடிகை, முகத்தைக் கையால் மறைத்தபடி காரில் ஏறுகிறாள். நப்தலின் வாசனைக்கு அடியில் டீசலும் கப்பல் சவர்க்காரமும் கலந்த பழைய மணம் இன்னும் இருந்தது. நான் நிலத்தில் இருந்து சிரித்தேன். இந்த வயதில் நிலத்தில் இருந்தால் எழும்புவது கடினம். பரவாயில்லை என்று இருந்தேன்.

நீர் கனடாவில் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. உம்முடைய மகள் தொலைபேசியில், "அன்ரி, அம்மாவின்ரை நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். உம்மைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு வசனத்துக்கும் நீர் குறுக்கே கதைக்கிறீர். அதைவிட உமக்கே எழுதுவது இலகு.

உம்முடைய அண்ணர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி கொடுத்தவர். மாலுமிகள் வாசித்து எறிந்த சஞ்சிகைகள் வெறும் கூடைகளில் வந்து சேரும். கன்னியர் மடத்துப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே வகுப்பு. நான் முதல் வாங்கு, நீர் கடைசி வாங்கு. மதர் கற்பித்த ஆங்கிலம் என்னிடம் இருந்தது. உம்மிடம் இருந்தது அந்தக் கூடை ஆங்கிலம். ஊரடங்கு நாட்களில் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து என் குசினிக்கு வருவீர். ஒழுங்கைப் பெண்களும் அதே வழியால் வருவார்கள். நீர் வாசித்து, தமிழில் சொல்லி, சொற்களுக்கு விளக்கமும் கொடுப்பீர். கிரேப்வைன் என்றால் வாய்வழியாகப் பரவும் கதை. "எங்கடை ஊரிலை அது திராட்சைக் கொடியிலை இல்லை, கிளுவை வேலியாலை போகும்" என்றீர். ஹாட்-த்ரொப் என்றால் கண்டவுடன் நெஞ்சு படபடக்க வைப்பவன். ஹாஸ்-பீன் என்றால் ஒரு காலத்தில் பெயரோடு இருந்து, இப்போது யாரும் திரும்பிப் பாராத ஆள். "இந்த ஒழுங்கையிலை ஹாட்-த்ரொப் ஒருத்தரும் இல்லை. ஹாஸ்-பீன் வேணுமெண்டால் வீட்டுக்கு வீடு இருக்கு" என்று நீர் சொன்னபோது, பாக்கியம் அக்கா தன் வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சேலையில் ஊற்றிக்கொண்டார்.

அது வெறும் பொழுதுபோக்கு என்று உம்முடைய பேரப்பிள்ளைகள் நினைக்கக்கூடும். அந்தப் போர்க்காலத்தில் அயலவரைப் பற்றிக் கதைப்பது ஆபத்து. யாருடைய மகன் வீட்டில் இல்லை, யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று வாய் தவறிய ஒரு சொல் எந்தக் காதுக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் வாயை மூடப் பழகியிருந்தார்கள். நீர் அவர்களுக்குக் கதைக்க வேறு சனத்தைக் கொடுத்தீர். எங்கோ ஒரு நடிகை மூன்றாம் தரமும் கணவனைப் பிரிந்துவிட்டாள் என்று கேட்டு, "அவளுக்குப் புத்தி சொல்ல ஒரு தாய் தேப்பன் இல்லையே?" என்று பாக்கியம் அக்கா கொதிப்பார். அந்த நடிகையைப் பற்றி என்ன சொன்னாலும் இரவு ஒருவரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள்.

பிறகு அந்தச் சைக்கிள்.

நான் துறைமுக வீதியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் திடீரென ஊரடங்கு அறிவித்தார்கள். பஸ் இல்லை. தலைமை எழுத்தர், மனைவியை இழந்தவர், என்னுடைய மேசைக்கு வந்து, "கரியரிலை ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்றார். வேறு வழி இல்லை. ஏறினேன். ஆனால் ஒழுங்கை கண்டால் என்ன சொல்லும்? குடையை விரித்து முகம் தெரியாமல் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மூங்கில் பிடி போட்டு, கிழிந்த இடத்தில் முக்கோண வடிவில் வெள்ளைத் துணி வைத்து நானே தைத்த கறுப்புக் குடை. திருகோணமலை முழுவதிலும் அப்படி ஒன்றுதான் இருந்தது. என் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் அந்தக் குடையைத் தெரியும்.

அடுத்த நாளே கதை பரவியது. ஊரடங்கில் கடிதம் போகவில்லை, பத்திரிகை வரவில்லை, என்னுடைய குடை மட்டும் பாலையூற்று வரை போய்ச் சேர்ந்தது. தண்ணீருக்குப் போனால் குழாயடியில் கதை நின்றது. நான் படலையைச் சாத்தினேன். வேலையை விட்டுவிட்டு வெள்ளவத்தையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்து பெட்டி அடுக்கினேன். காலமான என் கணவர் கட்டிய வீடு அது. அதைப் பூட்டிக்கொண்டு தலையைக் குனிந்து போக இருந்தேன்.

நீர் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தீர். தலையில் கிளுவை இலை ஒட்டியிருந்தது.

"என்ன, பெட்டி அடுக்கிறீரோ?"

"ஓம். இனி இந்த ஒழுங்கையிலை தலைகாட்ட ஏலாது."

"விசரே உமக்கு? பாணுக்கு வழியில்லாமல் நிக்கிற சனம் பசியை மறந்து உம்மைப் பற்றிக் கதைக்குது. ஃபேமஸ் ஆயிட்டீர்!"

எனக்குக் கோபம். "நல்லது செய்தவைதான் ஃபேமஸ். கெட்டது செய்தவை நொட்டோரியஸ். மதர் சொல்லித் தந்ததை மறந்திட்டீரோ?"

"மதருக்கு மூண்டாவது ஒண்டு தெரியாது. செலிப்ரிட்டி. அவை நல்லதும் செய்யேல்லை, கெட்டதும் செய்யேல்லை. வெளியிலை வந்தவை, சனம் கண்டிட்டுது, அவ்வளவுதான்." கையில் கொண்டுவந்த சஞ்சிகையை விரித்து, கறுப்புக் கண்ணாடி நடிகையைக் காட்டினீர். "இவ ஒளிக்கிறதுக்கெண்டு இந்தக் கண்ணாடியைப் போட்டவ. கண்ணாடியைக் கண்டுதான் படம் பிடிக்கிற ஆக்கள் துரத்துறாங்கள். உம்முடைய குடையும் அப்படித்தான். ஒளிக்கிறவையைத்தான் துரத்துவினம்."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"நாளைக்கு ஊரடங்கு எடுக்கேக்கை பாண் வாங்க வாரும். குடையோடை வாரும்."

போகவேண்டாம் என்று மனம் சொல்லியது. இரவு முழுவதும் அடுக்கிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் மடிப்புக் கலையாத சேலை உடுத்துக்கொண்டு வந்தேன். உம்முடைய சொல்லுக்காக வரவில்லை. பயந்து ஓடினேன் என்று சொல்லப்படுவதை என்னால் தாங்க முடியாது என்பதற்காக வந்தேன்.

பேக்கரி வாசலில் வரிசை மூலை திரும்பி நின்றது. நீர் என் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினீர். குடையை விரிக்கச் சொன்னீர். பிறகு, பள்ளிக்கூட மேடையில்கூட உமக்கு வராத குரலில், "எல்லாரும் கேளுங்கோ! இது பிரெஸ் கொன்ஃபரன்ஸ். பெரிய ஆக்கள் வைக்கிறது. கேள்வி இருக்கிறவை இப்ப கேளுங்கோ. பிறகு ஒருத்தரும் வேலிக்குப் பின்னாலை நிண்டு கதைக்கக் கூடாது" என்றீர். என் காதுக்குள், "விருப்பமில்லாத கேள்விக்கு நோ கொமென்ட் எண்டு மட்டும் சொல்லும்" என்றீர்.

பாக்கியம் அக்காதான் துணிந்தார். "பிள்ளை, அந்தாள் ஆர்?"

"அலுவலகத் தலைமை எழுத்தர்."

"அவர் உம்மை ஏன் ஏத்தினவர்?"

"ஊரடங்கு போட்டதாலை."

பின்னால் இருந்து ஒரு குரல்: "கரியரிலை இருக்கேக்கை விழாமல் எதைப் பிடிச்சனீர்?"

"குடையை" என்றேன். உண்மையும் அதுதான்.

அந்த வரிசை சிரித்த சிரிப்பை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. பேக்கரிக்காரர் மாக்கையோடு வெளியே வந்து சிரித்தார். அத்தனை பேர் ஒன்றாகச் சிரிப்பதை நாங்கள் கேட்டு எவ்வளவோ காலம். சந்திக் காவலில் நின்ற படைவீரன் துவக்கோடு எங்கள் பக்கம் நடந்து வந்தான். சிரிப்பு அறுந்தது. தாய்மார் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்தார்கள். அவன் படியில் நின்ற என்னையும் விரிந்த குடையையும் பார்த்தான். தெளிந்த வானத்தை அண்ணாந்து பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனான். அவன் மூலை திரும்பும்வரை எல்லோரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இரண்டாம் சிரிப்பு வந்தது. அது முதலாவதைவிடப் பெரிது.

கடைசியாகப் பாக்கியம் அக்கா, "சரி, அவரிலை உமக்கு விருப்பமோ இல்லையோ? அதைச் சொல்லும்" என்றார்.

"நோ கொமென்ட்" என்றேன். மதர் கேட்டிருந்தால் உச்சரிப்புக்கு முழுப் புள்ளி போட்டிருப்பார்.

அன்று பின்னேரம் பெட்டியைப் பிரித்துச் சேலைகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். அடியில் விரிக்க நீர் விட்டுப்போன சஞ்சிகையின் தாளைக் கிழித்தேன். ஒழுங்கையில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. இன்றைக்கு என்ன கறி என்று கேட்டால் நோ கொமென்ட். புருஷன் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு போகிறார் என்றால் நோ கொமென்ட். என்னைப் பற்றிய கதை அடங்கிப்போனது. எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. ஹாஸ்-பீன் ஆகிவிட்டேனே!

நீர் அந்தத் தலைமை எழுத்தரை மிஸ்டரி மான் என்றே அழைத்தீர். பெயர் தெரியாத ஆண் துணை என்று பொருள் சொன்னீர். ஆனால் என் வாயைக் கிண்டிப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோருடைய கதையும் தெரிந்த நீர், பக்கத்து வீட்டுக் கதையை மட்டும் கேட்காமல் விட்டீர். இப்போது நானே தருகிறேன். வேறு எவருக்கும் கொடுக்காத கதைக்கு எக்ஸ்குளூசிவ் என்று நீர் சொன்னது நினைவிருக்கிறது. அவரும் இப்போது இல்லை. ஆகவே அச்சில் வரலாம்.

அன்று ஏற்றத்தில் அவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். என்னை இறங்கச் சொல்லவில்லை. உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும் வளைவில், திரும்பிப் பாராமலே சொன்னார்: "நீங்கள் ஓமெண்டால் இந்தச் சைக்கிளுக்கு நல்ல கரியர் ஒண்டு போடுவன். கலியாணப் பதிவுக்கும் எழுதுவன்." நான் குடைக்குள் இருந்தேன். குடைக்குள் என் முகம் எப்படி இருந்தது என்று எந்தப் படப்பிடிப்பாளனும் கண்டதில்லை.

பாண் வாங்கிய கிழமையே அவருக்கு என் பதிலைச் சொன்னேன். பதிவு வேண்டாம், என் வீடு எனக்குப் போதும். கரியர் போடலாம். அவர் நன்றாகச் சிரித்தார். கரியர் போட்டார். மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போகும்வரை, ஊரடங்கு போட்ட ஒவ்வொரு பின்னேரமும் அதில்தான் வந்தேன். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முகத்தைக் காட்டிக்கொண்டு வருபவளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நீர் சொன்னது சரிதான்.

இப்போது புதிய சொற்கள் வந்திருக்கின்றன. வாசகர் வட்டத்துப் பிள்ளை ஒருத்தி, "அம்மா, உங்கடை படம் வைரல்" என்கிறாள். வம்பு சொல்வதற்கு இப்போது தேநீரை ஊற்றுவது என்கிறார்களாம். சேலையில் ஊற்றிய பாக்கியம் அக்காதான் முன்னோடி. புதிதாக ஒரு சொல் கேட்டால் உமக்குச் சொல்லவேண்டும் என்று வேலிப் பக்கம் பார்க்கிறேன். இப்போது அங்கே மதில். என்றாலும் வெளியே இறங்கும்போது குடையை மடித்தே கொண்டுபோகிறேன், மழை வந்தால் ஒழிய.

ஒன்றுதான் தெரியவேண்டும். அந்தக் கரியரில் ஒரு மெத்தை இருந்தது. அதன் உறை, என் முன்னறை யன்னல் திரையில் மிஞ்சிய பச்சைப் பூத்துணி. ஒருநாள் நீர் படலையடியில் நின்று அந்த மெத்தையைப் பார்த்தீர். பிறகு என் யன்னலைப் பார்த்தீர். "நல்ல தையல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்.

மகள், இதை அம்மாவின் படத்துக்கு முன்னால் வாசித்த பிறகு எனக்கு ஒரு பதில் எழுதும். அந்தத் தையல் யாருடையது என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? உம்மிடம் எப்போதாவது சொன்னாரா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் போதும். தொலைபேசியில் வேண்டாம். தாளில் எழுதி, கையொப்பம் வைத்து, தபாலில் அனுப்பும்.