இருபத்தெட்டு என்று எழுதிய கை

டால்ஹார்ட், டெக்சஸ்
நவம்பர் 9

அன்பு மகள் டெலாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். போர்ட்லண்டில் நீயும் நலம்தானே? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. காலையில் வேலிக்கம்பியெல்லாம் வெள்ளை.

ஒரு வாரமாக வீட்டில்தான் இருக்கிறேன். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பிவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

தீவன ஆலையில் என் வேலை உனக்குத் தெரியும். மக்காச்சோளத்தை ஆவியில் வேகவிட்டு, உருளைகளுக்கு நடுவே விட்டு அவலாக்க வேண்டும். மணிக்கொரு தரம் ஒரு படி அள்ளி, புஷல் அளவுக்கு எத்தனை பவுண்டு என்று காட்டும் தராசில் நிறுத்துக் குறிக்க வேண்டும். முள் இருபத்தெட்டில் நின்றால் சரி. குறைந்தால் அவல் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். மாட்டின் வயிற்றில் சட்டென்று புளித்துவிடும். போன மாதக் கடைசியில் இரண்டு நாள் முழுக்க இருபத்துநான்குதான் வந்திருக்கிறது. நானும் மணி தவறாமல் அள்ளினேன், நிறுத்தேன், நோட்டில் இருபத்தெட்டு என்று எழுதினேன். கை பாட்டுக்கு எழுதியது.

மூன்றாம் நாள் தொட்டிகளில் பாதித் தீவனம் அப்படியே கிடந்தது. சாணம் நுரைத்துக் கஞ்சியாக இருந்தது. குதிரையில் பட்டிகளைச் சுற்றிவரும் ராமிரோ ஒரு கைப்பிடி அவலோடு வந்து, "என்னய்யா வெர்லன், இது அவலா, சிகரெட் தாளா? ஏழாம் பட்டியில நாலு மாடு உப்பிச் செத்துக் கிடக்கு. உனக்கு என்னதான் ஆச்சு?" என்றான். எனக்கு வருத்தம் வரவில்லை, டெலா. வெட்கமும் வரவில்லை. உருளைகளைத் தளர்த்தினேன். சோளத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினோம். கொழுப்பையும் கொஞ்சம் சேர்த்தோம். அது புளிக்காமல் தெம்பு கொடுக்கும். அளவு மீறினால் மாடு மோந்துவிட்டுப் போய்விடும். மற்றவை தேறிவிட்டன.

ஏப்ரலில் அம்மாவை அடக்கம் செய்த அன்று, சர்ச்சிலிருந்து கல்லறைக்கு வராமல் நான் நேரே ஆலைக்குக் கிளம்பியபோது நீ வண்டியை மறித்தாய். "அம்மாவுக்கு ஒரு மத்தியானம் குடுக்க முடியலையாப்பா? மாடு செத்தா போயிடும்?" என்று கேட்டாய். தீவனம் ஒரு மணி பிந்தினாலும் பசியில் விழுங்கி எட்டாயிரம் மாட்டுக்கும் வயிறு கெடும் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஆலையைத் தான் பார்த்துக்கொள்வதாக ராமிரோ முந்தின நாளே சொல்லியிருந்தான். அதை உன்னிடம் மறைத்துவிட்டேன். அவள் மேல் மண் விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து எதுவும் உறைக்கவில்லை.

"கொழுப்பும் சோளமுமா நாறுது, கராஜ்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வாய்யா மனுஷா" என்று அம்மா தினமும் கத்துவாளே. ஏப்ரலிலிருந்து ஆலை உடுப்போடே உள்ளே வந்து அவள் நாற்காலியில் உட்காருகிறேன். எனக்கு வாடையே தெரிவதில்லை. நேற்று நாற்காலி உறையை மூன்று தடவை துவைத்தேன். வாடை போயிற்றா என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

இந்த மாதக் கடைசியில் நன்றித் திருநாள் விருந்துக்கு வா, டெலா. திட்டுவதானால் வாசலிலேயே திட்டு, கேட்டுக்கொள்கிறேன். உடுப்பை கராஜிலேயே மாற்றிவிட்டு நிற்பேன். நீ வந்து மோந்து பார்த்துச் சொல்லும்வரை அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா,
வெர்லன்