செவலையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், அக்கா

என் மூத்தவளே, என் அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. அதில் என் தப்பும் இருக்கிறது. நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் அதைச் சொல்ல வேண்டும். நாலு பேர் காதுபடத்தானே உன் கோழியை நான் திட்டினேன்?

தண்ணீர்மலைப் பக்கம், நம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நீ வளர்த்த கோழிக் கூட்டத்தைப் போலப் பினாங்கில் இன்னொன்று இருந்ததா? நான் பார்த்ததில்லை. முட்டைக்குச் சீமை வெள்ளைக்கோழி. சீனத்தார் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப் போடுகிற, கறுத்த சதையுள்ள பஞ்சுக்கோழி. மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் வளர்கிற, மரத்தில் ஏறித் தூங்கும் கம்பத்துக் கோழி. இவர்களுக்கு நடுவில் உன் செவலை, கப்பலில் ஊரிலிருந்து வந்தவர்கள் கொடுத்த அசில் பெட்டை. சண்டைக்குப் பேர்போன சாதி. இத்தனை சாதியும் ஒரே முற்றத்தில் நிற்காது, ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று பாசார்ச் சந்தையில் எல்லாரும் சொன்னார்கள். நின்றதே அக்கா! நீ நிற்க வைத்தாய்.

ஒவ்வொன்றின் குணமும் உனக்கு அத்துப்படி. இலை விழுந்தால்கூடச் சீமைக்கோழி துள்ளி ஓடும். தினம் முட்டை போடும், போட்டதைத் திரும்பிப் பார்க்காது. பஞ்சுக்கோழிக்குக் கொண்டை மயிர் கண்ணை மறைத்திருக்கும். யார் முட்டை என்று கேட்காமல் அடைகாக்கும். "சீமைக்காரிக்குப் பெக்கத் தெரியும், வளக்கத் தெரியாது. பஞ்சுக்கு வளக்கத்தான் தெரியும்" என்று சிரிப்பாய். கம்பத்துக் கோழி அரிசி களைகிற சத்தத்துக்கே வந்து நிற்கும் திருடி.

அந்தத் திருடியை நான்தானே கொண்டுவந்தேன்? உனக்குப் பிள்ளை இல்லை என்று அவர் என்னை இரண்டாம் தாரமாகக் கட்டி, தாசேக் கெலுகோர் தோட்டத்திலிருந்து கூட்டி வந்த அன்று, என் கையில் ஒரு துணி மூட்டையும் ஒரு கோழியும் இருந்தன. நீ வாசலில் நின்றாய். என்ன சொல்வாயோ என்று கோழியை மார்போடு அணைத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. கோழியை வாங்கி, முற்றத்தின் நடுவில் வைத்து, மேலே மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாய்.

"மூணு நாளு இதுக்குள்ள கெடக்கட்டும். மத்ததுங்க சுத்தி வந்து பாக்கட்டும், பக்கத்துலயே தின்னட்டும். கண்ணு பழகிருச்சுன்னா வாயி கொத்தாது" என்றாய். அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். "கோழிக்கு மூணு நாளு. ஒனக்கு எத்தன நாளோ, சின்னவளே."

அன்றே எனக்கு முன்னறையும் தனி அடுப்பும் கொடுத்தாய். கதவை மட்டும் சாத்தக் கூடாது என்றாய். ஒதுக்கி வைக்கிறாய் என்று நினைத்து அழுதேன். அதுதான் எனக்குக் கவிழ்த்த பஞ்சாரம் என்று அப்போது தெரியவில்லை. குழாயடியில் ஒருத்தி, "என்னக்கா, சின்னவ வந்தாச்சு, பெரியவளுக்கு இனிமே மாட்டுக் கொட்டகையா?" என்று கேட்டதற்கு, "கொட்டகையில எடம் கெடக்குடி. ஒன் வாய வைக்கத்தான் எங்கயும் எடம் பத்தாது" என்று சொல்லி, அவள் ஒதுங்கும்வரை பார்த்தபடி நின்றாய். உன் நாக்குக்குத் தெருவே பயந்தது. நானும் பயந்தேன். செவலைக்கும் அப்படித்தான் பயந்தேன். "கொத்துறதத் தவிர இதுக்கு வேற என்ன தெரியும்? கறிக்குத்தான் லாயக்கு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீ சிரிப்பாயே தவிர, ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை, அக்கா?

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, செவலை தினமும் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். உன் தீனி டின்னோடு நான் வந்தால் கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் பார்ப்பாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. பதினாறாம் நாள் சடங்குக்கு வந்த நம் நாத்தனார் கமலத்திடம், அக்கரைப் பட்டர்வொர்த்துக்குக் கொண்டு போ என்று கொடுத்துவிட்டேன்.

நாலே நாள்தான். கூட்டம் உடைந்தது. சீமைக்கோழிகள் பஞ்சுக்கோழிகளைத் தீனிப் பக்கம் விடவில்லை. ஒரு சொட்டு இரத்தம் கண்டதும் எல்லாம் சேர்ந்து அதே இடத்தில் கொத்தின. பலகை வைத்து மறித்தேன், தாண்டி வந்தன. விடிந்தால் கூச்சல். அவர் வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டே சொன்னார்: "புள்ள, இது ஒன் கைக்கு அடங்காதுலா. வர்ற சனிக்கிழம பாசார்ல எல்லாத்தையும் கொண்டு போய் வித்துடுவோம். பெரியவளோட போச்சு அது."

பெரியவளோட போச்சு. அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. நீ சேர்த்து வைத்ததை நான் கலைத்தேன் என்று ஆகிவிடுமே? மறுநாள் காலை முழுக்க வேலையைப் போட்டுவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு சீமைக்கோழி பஞ்சுக்கோழியை நோக்கிக் கழுத்து மயிரைச் சிலிர்த்தது. முன்னால் இந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். செவலை நடந்து வருவாள். நடுவில் நிற்பாள். அடங்காவிட்டால், கொத்த வந்தவளை மட்டும் ஒரு கொத்து. அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவள் கொத்தியதைத்தான் நான் பார்த்தேன். யாரைக் கொத்தினாள் என்று பார்க்கவே இல்லை.

புதன்கிழமை பெர்ரி ஏறினேன். கமலம் என்னைக் கண்டதும் கும்பிட்டாள்.

"கொண்டு போயிரு அண்ணி, ஒனக்குப் புண்ணியமாப் போவும். எங்க சேவலு கூரையில ஏறுனது, மூணு நாளா எறங்க மாட்டேங்குது!"

செவலையைக் கூடையில் வைத்து, துணியைச் சுற்றித் திரும்பிவந்தேன். பெர்ரியில் ஒரு அண்ணன், "என்ன தங்கச்சி, கோழி மொறைக்குது?" என்றார். "எங்கக்கா வளத்தது அண்ணே, அப்படித்தான் பாக்கும்" என்றேன். சொல்லும்போது எனக்கே தலை நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே அவிழ்த்துவிடத்தான் நினைத்தேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தானே இருக்கிறது? ஆனால் சில நாள் காணாத கோழி கூட்டத்துக்குப் புதுக்கோழிதான் என்று நீ சொல்வாய். முற்றத்தின் நடுவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்தேன். சுற்றித் தீனி இறைத்தேன். முதல் நாள் சீமைக்கோழிகள் கம்பு இடுக்கு வழியாகக் கொத்தப் பார்த்தன. இரண்டாம் நாள் சும்மா தின்றன. மூன்றாம் நாள் ஒரு பஞ்சுக்கோழி பஞ்சாரத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் காலிக் கூடைகளை வண்டியில் ஏற்றினார். "மாடு பூட்டியாச்சு, புள்ள."

"கொஞ்சம் பொறுங்க" என்று பஞ்சாரத்தைத் தூக்கினேன்.

செவலை உடம்பை உதறிக்கொண்டாள். தீனி இருந்த இடத்துக்கு நடந்தாள். பெரிய சீமைக்கோழி மயிரைச் சிலிர்த்தது. செவலை கொத்தவில்லை, அக்கா. நின்று பார்த்தாள், நீ குழாயடியில் பார்ப்பாயே, அதே பார்வை. சீமைக்கோழி மயிரைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கியது. புண்பட்ட பஞ்சுக்கோழி செவலையின் வயிற்றுக்கடியில் தலையை விட்டுத் தின்ன ஆரம்பித்தது.

அவர் கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். "பெரியவ போகல போலிருக்கே" என்றார். அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது முற்றத்துக்கு வந்து பார். செவலை போட்ட முட்டைகளைப் பஞ்சுக்கோழி அடைகாத்து ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது. செவலையின் குஞ்சுகள் அதற்குள்ளேயே அடைகாத்த பஞ்சுக்கோழியைவிட உயரம். "இது யாரு வளத்தது?" என்று வருகிறவர்கள் கேட்டால், உன் பேரைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வரிசையின் கடைசி வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் கலியாணமாகி வந்திருக்கிறாள். நேற்றுக் குழாயடியில் நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்று, சேலையைப் பற்றியும் பேச்சைப் பற்றியும் நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் குடத்தோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன். உன்னைப் போல எனக்குப் பேச வராது. சும்மா நின்று பார்த்தேன். வழி விட்டார்கள், அக்கா. அவள் முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

செவலையை இனி ஒருநாளும் கடல் தாண்டி அனுப்ப மாட்டேன். கிழவியாகி இந்த முற்றத்திலேயே அவள் கண் மூடட்டும். நம் வாசலுக்குப் புதிதாக எது வந்தாலும், யார் வந்தாலும், பஞ்சாரம் நடு முற்றத்தில்தான் இருக்கும். கதவும் திறந்தே இருக்கும்.

உன் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்த தங்கச்சி,
சின்னவள்